லிஃப்ட்காரன் மகளை ஒப்படைத்த வாரம்

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவன் லிஃப்ட்காரன். சுற்றுவட்டாரத்தில் அவன் கை படாத லிஃப்ட் கிடையாது. நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு வேர்த்து விறுவிறுத்துப்போனவர்கள், மேலேயிருந்து அவன் குரல் கேட்டதும் "அப்பாடா" என்று தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். வயது முப்பத்து மூன்று, ஆள் நெட்டை. தோள் பையில் எப்போதும் ஸ்பானர், டார்ச், சின்ன சாக்ஸ் ஒரு ஜோடி இருக்கும்.

சாக்ஸுக்குச் சொந்தக்காரி அவன் மகள், நாலரை வயது. பிறந்தபோது அவ்வளவு குட்டியாக இருந்ததால் அவன் வைத்த பட்டப்பேர் சுண்டு, அதுவே நிலைத்துவிட்டது. சுண்டுவை வளர்த்தது அவன்தான். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் மீனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அவன் மனைவி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்தாள். மீனின் தலைக்குள், காதுக்குப் பக்கத்தில், அரிசியைவிடச் சின்னதாக ஒரு கல் இருக்கிறது. அதை எடுத்து, பிசினில் பதித்து, மெல்லிசாக அறுத்து, வெளிச்சம் ஊடுருவும்வரை தேய்த்து, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தால் வட்ட வட்டமாக வரிகள் தெரியும். குஞ்சாக இருந்த காலத்தில் நாளுக்கு ஒரு வரி. பொறுமையாக எண்ணினால் அந்த மீன் எந்தத் தேதியில் முட்டையை விட்டு வெளியே வந்தது என்று சொல்லிவிடலாம். ஐந்தரை வருஷம் அவள் இதைத்தான் எண்ணினாள். விடிவதற்கு முன்னால் படகுத்துறைக்குப் போவாள், பகலெல்லாம் ஆய்வகத்தில் இருப்பாள், வீட்டுக்கு வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுவாள். "எங்க வீட்டுல எல்லா மீனுக்கும் பொறந்தநாள் தெரியும், என் பொறந்தநாளத்தான் யாருக்கும் ஞாபகம் இருக்காது" என்று பட்டறையில் சொல்லிச் சிரிப்பான். கேட்கிறவர்களுக்கு அது அலுப்பு மாதிரித் தெரியாது, பெருமை மாதிரிதான் தெரியும்.

சுண்டு பிறந்ததும் அவன் அரை நாள் வேலைக்கு மாறிக்கொண்டான். காலையில் நாலு கட்டடம், எண்ணெய், துடைப்பு, சோதனை. மத்தியானத்துக்குமேல் மகள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, காய்ச்சலுக்கு மருந்து, மழலையர் பள்ளி, செருப்பு, சண்டை எல்லாம் அவன் பொறுப்பு. அம்மா ஞாயிற்றுக்கிழமை வருவாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு வருவாள் என்று சொல்வது அநியாயம்தான். ஆனால் சுண்டுவுக்கு அப்படித்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கதவு திறக்கும். நல்ல வாசனையோடு அம்மா வந்து ஒரு புத்தகம் படித்துக் காட்டுவாள், கட்டிக்கொள்வாள், அப்புறம் கதவு சாத்திக்கொள்ளும்.

கடைசியில் அவளுடைய வாய்மொழித் தேர்வு நாளும் வந்தது. மூன்று பேராசிரியர்கள் கேள்வி கேட்க, மனைவி நின்று பதில் சொல்ல, கடைசி வரிசையில் அவன் மடியில் சுண்டுவோடும் சட்டை முழுக்க பிஸ்கட் தூளோடும் உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை புரியவில்லை. எல்லோரும் எழுந்து கை தட்டியபோது சுண்டுவைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவனும் எழுந்து தட்டினான். வெளியே வந்ததும், "டாக்டரம்மா, ரெண்டு நாளா முட்டி வலிக்குது, என்னன்னு பாருங்க" என்றான். "காதத் திறந்தாத்தான் பாக்க முடியும், பரவாயில்லையா" என்றாள் அவள். இரண்டு பேரும் படிக்கட்டிலேயே உட்கார்ந்து, சிரிக்கிறோமா அழுகிறோமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் இருந்தார்கள்.

ஒரு மாதத்தில் எல்லாம் தலைகீழாக மாறியது. மீன்துறை ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. விடிகாலையில் படகுகள் கரைக்கு வரும்போது ஆரம்பித்து மத்தியானம் இரண்டு மணிக்கு முடிந்துவிடும். அவனுடைய மேஸ்திரி அண்ணனோ நாலு வருஷமாக அவனை முழு நாளுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர். ஆகவே இனிமேல் காலையில் சுண்டுவைக் கிளப்பிப் பள்ளியில் விடுவது அவன், மூன்றரைக்குக் கூப்பிட்டு வந்து சாயங்காலம் முழுக்கப் பார்த்துக்கொள்வது அவள். ரொம்ப எளிதான ஏற்பாடு. காகிதத்தில்.

லிஃப்ட் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கட்டடத்தின் லிஃப்டை ஒருவனிடமிருந்து இன்னொருவன் வாங்கிக்கொள்ளும்போது, ஒரு வாரம் இரண்டு பேரும் சேர்ந்து போவார்கள். பழையவன் ஒப்படைப்புத் தாள் எழுதிக் கொடுப்பான். அந்த இயந்திரத்தின் சங்கதி எல்லாம் அதில் இருக்கும். 'மூன்றாம் மாடியில் கதவு ஒரு நொடி தயங்கும், பழுதல்ல, சுபாவம்' என்கிற மாதிரி. புதியவன் கையெழுத்துப் போட்டு அந்த வாரமும் முடிந்தபிறகு, பழையவன் ஒரு மாதம் அந்தக் கட்டடத்துப் பக்கமே தலைகாட்டக் கூடாது. கூப்பிட்டாலும் போகக் கூடாது. மேஸ்திரி அண்ணன் இதில் கறார். "நீ போய்ப் பக்கத்துல நின்னன்னா, அவன் மெஷினப் பாக்க மாட்டான், உன் மூஞ்சியத்தான் பாப்பான்" என்பார்.

நம் ஆள் என்ன செய்தான் என்றால், கம்பெனி தாளையே ஒன்று எடுத்துவந்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, சுண்டுவுக்கு ஒப்படைப்புத் தாள் எழுதினான். சாக்ஸைத் திருப்பிப் போடவும், உள்தையல் விரலில் பட்டால் வேலை நிற்கும். வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னால் வேண்டாம், மூன்று முறை சொன்னால் வேண்டும். அழுதால் காரணம் கேட்கக் கூடாது, இடது காது மடலைத் தேய்த்துவிட்டுப் பேசாமல் இருக்கவும். வரும் வழியில் அச்சுக்கடை வாசலில் மெஷின் சத்தம் கேட்க நிற்கும், பழுதல்ல. தூக்கச் சொன்னால் தபால் பெட்டி வரை தூக்கவும். இப்படி முன்னும் பின்னுமாக இரண்டு பக்கம். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் கையெழுத்துப் போடும் இடம் வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது, தேதி போட்டுக் கையெழுத்து வைத்தாள்.

முதல் வாரம் சேர்ந்து போனார்கள். பள்ளி வாசலில் இரண்டு பேரும் நின்றால், சுண்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். அதில் அதிசயம் என்ன.

அடுத்த திங்கள்கிழமை அவன் முழு நாள் வேலைக்குப் போனான்.

திங்கள், செவ்வாய், புதன். ஒன்றும் குடி முழுகிவிடவில்லை, அதுதான் கஷ்டம். சுண்டு அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. அம்மா தாளில் இருந்தபடி எல்லாம் செய்தாள். ஐந்தரை வருஷம் ஒரு வரி பிசகாமல் எண்ணிப் பழகின கை அல்லவா, சாக்ஸைத் திருப்பினாள், அச்சுக்கடையில் நின்றாள், தபால் பெட்டி வரை தூக்கினாள். சுண்டு வெறுமனே ஒத்துழைத்தாள், வேறொருவர் வீட்டில் தங்க வந்த குழந்தை மாதிரி. செவ்வாய்க்கிழமை கதவு இடுக்கில் விரல் நசுங்கியபோது கண் கலங்கியது, ஆனால் அழவில்லை. அம்மா இடது காதைத் தேய்த்தாள். சுண்டு மெதுவாகத் தலையை நகர்த்திக்கொண்டு, "அது அப்பா பண்றது" என்றாள். கோபமே இல்லாமல், தகவல் சொல்வது மாதிரி.

புதன்கிழமை சாயங்காலம் அவன் வந்து கை கழுவிக்கொண்டிருக்கும்போது மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அவ என்கிட்ட மரியாதையா இருக்காப்பா."

"நல்லதுதானே."

"தண்ணி குடுத்தா தேங்க்ஸ் சொல்றா. உன்கிட்ட என்னிக்காவது சொல்லியிருக்காளா?"

அவன் யோசித்துப் பார்த்தான். ஒரு தடவைகூட இல்லை. சோப்பு நுரையோடு கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றான்.

மேஸ்திரி அண்ணனிடம் பேசி மறுபடி அரை நாளுக்கே போய்விடட்டுமா என்று மெல்லக் கேட்டான். அண்ணன் கத்துவார், அப்புறம் சரி என்பார், பழையபடி ஓடிக்கொண்டிருக்கும், யாருக்கும் கஷ்டம் இல்லை என்றான். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"இப்ப விட்டேன்னா நான் கடைசி வரைக்கும் ஞாயித்துக்கிழமை அம்மாதான். ஒரு மாசம் பக்கத்துல வரக் கூடாதுன்னு நீதானே சொன்ன. வராத."

சரி என்றான். சொல்வதற்கென்ன, வாய்தானே.

வியாழக்கிழமை அவன் பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு ஒன்றின் மொட்டைமாடியில், மோட்டார் அறையில் இருந்தான். இந்தத் தொழிலில் இன்னொரு விதி, எல்லாவற்றையும்விடப் பெரிய விதி, பூட்டு. வேலை ஆரம்பிக்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன்னுடைய சிவப்புப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் கால்சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டில் பேர் எழுதிய அட்டை தொங்கும். அந்தப் பூட்டு தொங்கினால், அந்தப் பேருக்குரிய உயிர் லிஃப்ட் குழிக்குள்ளோ பக்கத்திலோ இருக்கிறது என்று அர்த்தம். வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள். கட்டடத்தை விட்டு வெளியே போனால் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். கழற்றாமல் போனவன் என்று அவர்கள் பட்டறையில் அதுவரை ஒருவனும் கிடையாது.

நாலு மணிக்குப் பள்ளி டீச்சர் போனில் கூப்பிட்டார். அம்மா வந்து அரை மணி நேரம் ஆகிறதாம். சுண்டு செருப்பு வைக்கும் அலமாரிக்கு அடியில் புகுந்து படுத்துக்கொண்டு வெளியே வர மாட்டேன் என்கிறாளாம். அப்பா வருவார் என்று மட்டும் சொல்கிறாளாம். "அம்மாவும் தரையில உக்காந்துட்டாங்க. எனக்கே பாக்கக் கஷ்டமா இருக்கு. நீங்க ஒரு நிமிஷம் வந்துட்டுப் போனீங்கன்னா..."

அவ்வளவுதான். பன்னிரண்டு மாடியை எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. லிஃப்ட் நிறுத்தியிருந்ததால் படிக்கட்டில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இவன் சீருடையைப் பார்த்துவிட்டு ஏதோ திட்டினார். காதில் விழவில்லை. இரண்டு தெரு தாண்டி, பள்ளியின் இரும்புக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கேட்டிலிருந்து பார்த்தால் கூடம் தெரியும். நீள அலமாரி, அதன் கீழ்த் தட்டுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண் இருட்டு. அங்கே, புது வேலைக்கென்று தைத்த உடுப்போடு, அவன் மனைவி குப்புறப் படுத்திருந்தாள். கன்னம் தரையில். முகம் அந்த இருட்டுக்கு நேராக. வாய் அசைந்தது, என்ன பேசுகிறாள் என்று கேட்கவில்லை. ஒரு கை மட்டும் இருட்டுக்குள் நீண்டிருந்தது.

அவன் கை தாழ்ப்பாளில் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை போதும். 'சுண்டு' என்று இங்கிருந்தே கூப்பிட்டால் போதும், தூசியோடு ஊர்ந்து வந்து காலைக் கட்டிக்கொள்வாள். கையைப் பிடித்து அம்மா கையில் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிடலாம். எல்லோருக்கும் நிம்மதி. டீச்சர்கூட ஜன்னலில் இவனைப் பார்த்துவிட்டு, வாங்க வாங்க என்று கையசைத்தார்.

அப்போதுதான் சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டிருப்பது உறைத்தது. ஏற்கெனவே ஆறு தடவை கூப்பிட்டிருக்கிறார் மேஸ்திரி அண்ணன். எடுத்தான்.

"எங்கடா இருக்க?"

"அண்ணே..."

"வேலை முடிஞ்சுதான்னு பாக்க வந்தேன், பூட்டு தொங்குது. பை கிடக்குது. ஆளக் காணோம். குழிக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கேன்டா நானு."

அவன் கால்சட்டைப் பையைத் தடவினான். பூட்டுச் சாவி அங்கேதான் இருந்தது. "வந்துட்டேண்ணே" என்றான்.

தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தான். டீச்சரைப் பார்த்து, வேண்டாம், சொல்லாதீங்க என்கிற மாதிரி உதட்டில் விரல் வைத்தான். திரும்பி ஓடினான். ஓடும்போது அழுதான் என்பதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. மேஸ்திரி அண்ணன் கூப்பிட்டதால்தான் உள்ளே போகவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகப்போகிறது. நேரம் இருந்தும் அதைச் சொல்லாமல்தான் திரும்பினான்.

மோட்டார் அறை வாசலில் மேஸ்திரி அண்ணன் உட்கார்ந்திருந்தார். கத்துவார் என்று நினைத்தான், கத்தவில்லை. டார்ச்சை அணைக்காமலே கையில் வைத்திருந்தார்.

"உனக்கு ஒரு பொண்ணு. எனக்கு இந்தப் பட்டறையில ஒன்பது பேரு இருக்கீங்கடா" என்றார்.

அவன் நடந்ததை எல்லாம் சொன்னான். தாள் எழுதியதிலிருந்து, தரையில் படுத்திருந்த மனைவி வரைக்கும்.

"சரி, பாப்பாவக் கூட்டியாந்து விட்டியா?"

"இல்லண்ணே. கேட் வரைக்கும்தான் போனேன்."

"அப்புறம் என்ன மயித்துக்குடா ஓடின?" என்றவர், தன் கேள்விக்குத் தானே சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும், ஒரு வாரத்துக்கு அவன் மோட்டார் அறைப் பக்கம் போகக் கூடாது, பட்டறையில் உட்கார்ந்து சாமான்களைத் துடைக்க வேண்டும் என்று தண்டனையும் கொடுத்தார். அவன் பூட்டைக் கழற்றி, லிஃப்டை ஓடவிட்டு, படிக்கட்டில் திட்டிய பெரியவரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டான். மிச்ச நேரம் போனை எடுத்து எடுத்துப் பார்த்தான். வீட்டுக்குக் கூப்பிடவில்லை. டீச்சரையும் கூப்பிடவில்லை. அலமாரிக்கு அடியிலிருந்து சுண்டு வந்தாளா இல்லையா என்று தெரியாமலே அந்த இரண்டரை மணி நேரத்தையும் தள்ளினான்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது தக்காளி வதங்கும் வாசனை. அடுப்பில் அம்மா. பக்கத்தில் நாற்காலிமேல் ஏறி நின்று, முட்டையை உடைத்து, ஓட்டைக் கிண்ணத்துக்குள்ளேயே போட்டுவிட்டு அதை விரலால் துரத்திக்கொண்டிருந்தாள் சுண்டு. தலைமுடி முழுக்க ஒட்டடை. அம்மாவின் புது உடுப்பு முன்பக்கம் மொத்தமும் அழுக்கு. அவன் பையை வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி, "இன்னிக்கு எப்படிப் போச்சு?" என்றான்.

"நடிக்காத. கேட்டுல நின்னயாமே. டீச்சர் சொல்லிட்டாங்க" என்றாள் மனைவி.

பிறகு முட்டையைக் கிளறியபடியே சொன்னாள். தாளில் இருந்ததை எல்லாம் செய்து பார்த்தாளாம், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் தரையில் படுத்து, உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை, அப்பா எழுதிக் கொடுத்திருக்கிறார், அதைப் பார்த்துத்தான் செய்கிறேன், எனக்கு வர மாட்டேன் என்கிறது என்று உண்மையைச் சொல்லிவிட்டாளாம். இருட்டுக்குள்ளிருந்து, என்ன எழுதியிருக்கிறது, படி என்று ஒரு குரல். படித்தாளாம். முதல் வரியிலிருந்து, இரண்டு பக்கமும்.

"பாதிக்கு மேல தப்புன்னு சொல்லிட்டா" என்றாள் மனைவி.

"எது தப்பு?" லிஃப்ட்காரனுக்குச் சுருக்கென்றது. அவன் எழுதின ஒப்படைப்புத் தாளில் இதுவரை யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

சுண்டு முட்டை ஓட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னாள். சாக்ஸ் தையல் குத்துவதெல்லாம் மூன்று வயதில், இப்போது குத்தாது.

"அப்புறம் ஏன் தினமும் திருப்பிப் போடச் சொல்ற?"

"நான் சொல்லல. நீதான் போடுவ."

"தபால் பெட்டி வரைக்கும் தூக்கச் சொல்லுவியே?"

"உனக்குத் தூக்கப் பிடிக்கும்ல" என்றாள் சுண்டு. "அதான்."

அவன் அங்கேயே, அடுப்புக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்துகொண்டான். நாலரை வருஷமாக மகளைத் தூக்கிச் சுமந்தவன் தான்தான் என்று நினைத்திருந்தான். இந்தக் குட்டி, இத்தனை நாளும் அவனுக்காகத் தோளில் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. மனைவி அவன் முகத்தைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி அடுப்பைத் தணித்தாள்.

மூன்று பேரும் தரையிலேயே உட்கார்ந்து ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டார்கள். முட்டையில் ஓடு கடிபட்டது, யாரும் சொல்லவில்லை. சுண்டு இடது கையால் அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி" என்றாள். அம்மா டம்ளரை நீட்டினாள். மடக் மடக்கென்று குடித்துவிட்டு டம்ளரைத் தரையில் வைத்தாள் சுண்டு. தேங்க்ஸ் வரவில்லை. மனைவி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வைக்காக இன்னொரு நாலரை வருஷம் அரை நாள் வேலை பார்க்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

"சரி, படிச்சு முடிச்ச. அதுக்கப்புறம் எப்படி வெளிய வந்தா?" என்று கேட்டான்.

அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுண்டு உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

"அது சொல்றதுக்கில்ல" என்றாள் மனைவி.

"என்கிட்டயுமா?"

"உன்கிட்டதான்" என்றாள் சுண்டு.

அவள் வாயில் போனது, வந்தது, எத்தனை மணிக்குத் தூங்கினாள், எந்தக் கனவில் சிரித்தாள், அத்தனையும் அவனுக்குத் தெரியும். தெரியாதது என்று இதுதான் முதல். கொஞ்சம் வலித்தது, இல்லை என்று சொல்ல முடியாது. மத்தியானம் சாப்பிடவே இல்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது, இன்னும் பசித்தது. தட்டை நீட்டினான். இரண்டு பேரும் தங்கள் பேச்சில் மும்முரமாக இருந்தார்கள். அவன் எட்டி, இன்னொரு ரொட்டியைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டான்.